பழைய வோல்ட்மீட்டரின் பிறப்புப் பத்திரம்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களுக்குப் பத்திரத்தின் அருமையை எவரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆள் கண்ணெதிரே நிற்பார். தம் பெயரைச் சொல்வார். பிறந்த தோட்டத்தையும் தாய் தந்தையர் பெயரையும் சொல்வார். ஆனால், "பிறப்புப் பத்திரம் எங்கே? அடையாளக் கார்டு எங்கே?" என்று கேட்கும் மேசைக்கு முன்னால் வாய்ச்சொல் எடுபடாது. ஒரு தாள் இல்லாத காரணத்தால் பள்ளிக்கும் வேலைக்கும் அலைந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். கருவிகளுக்கும் இதே நிலைதான். எவ்வளவு நுட்பமான கருவியாக இருந்தாலும், அது இன்னதென்று காட்டும் பெயரும், அதைக் கையாளும் முறையைக் கூறும் கையேடும் இல்லாவிட்டால், அதன் சொல்லை நம்ப இயலாது. மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, நுட்பமாக அளக்கும் பழைய கருவிகளை அடையாளம் காண்பது எப்படி, அவற்றின் கையேடுகளைத் தேடிப் பெறுவது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

"இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. ரப்பர் ஆலையிலும் செம்பனை ஆலையிலும் மோட்டார்களையும் ஜெனரேட்டர்களையும் கவனித்துக்கொண்ட கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. தோட்டம் கைமாறும்போதும், வீட்டுமனையாக மாறும்போதும் ஆலையின் கதவு அடைபடுகிறது. எஞ்சின் அறையில் இருந்தவை பழைய இரும்பு லாரியில் ஏறுகின்றன. அவற்றுள் சில, பினாங்கு லோரோங் கூலிட் போன்ற பழம்பொருள் சந்தைகளில் சாக்கு விரித்த தரையில் வந்து கிடக்கின்றன. மின்னியல் படிக்கும் பிள்ளை அதை ஆசையோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அந்த இடத்தில் ஒரு வாய்ப்பும் தொடங்குகிறது. கவனிக்காவிட்டால் ஓர் ஆபத்தும் தொடங்குகிறது.

ஆகவே இன்றைய பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலில் பெயர், அடுத்துப் பத்திரம், கடைசியில்தான் மின்சாரம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. வாங்கி வந்ததும் பிளக்கைச் செருகிப் பார்ப்போம் என்ற அவசரம் கருவியையும் கெடுக்கும், சில வேளை ஆளையும் கெடுக்கும்.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய கருவிகள் பலவற்றின் பின்புறத்தில் சிறிய தள்ளு சுவிட்சு ஒன்று இருக்கும். அதில் ஒரு பக்கம் 115 என்றும், மறுபக்கம் 230 என்றும் எழுதியிருக்கும். நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 2008ஆம் ஆண்டுக்கு முன்பு இதையே 240 வோல்ட் என்று குறிப்பிட்டு வந்தார்கள். சுவிட்சு 115இல் இருக்கும்போது நம் வீட்டுப் பிளக்கில் செருகினால், கருவி தாங்க வேண்டியதைப்போல் இரு மடங்கு அழுத்தம் உள்ளே பாயும். 40 ஆண்டு பழுதில்லாமல் இருந்த பொருள் ஒரு நொடியில் புகைந்துவிடும். அந்தச் சுவிட்சு எங்கே இருக்கிறது, எந்த நிலைக்கு எந்த ஃபியூஸ் போட வேண்டும் என்பதெல்லாம் கையேட்டின் தொடக்கப் பக்கங்களிலேயே இருக்கும். பத்திரத்தைப் படித்தவனுக்கு அது ஒரு நிமிட வேலை. படிக்காதவனுக்கு அது வீண் நட்டம்.

இனி, நுட்பமான அளவு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். நூற்றுக்கு ஒரு பங்கு பிழையுள்ள மீட்டரால் 230 வோல்ட்டை அளந்தால், அது 2.3 வோல்ட் கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடும். வீட்டு வேலைக்கு அது போதும். பத்தாயிரத்துக்கு ஒரு பங்கு பிழையுள்ள கருவியாக இருந்தால், பிழை 0.023 வோல்ட்தான். ஆய்வுக்கூடத்திலும், மற்ற மீட்டர்களைச் சோதிக்கும் இடத்திலும் இத்தகைய கருவிகளே தேவைப்படுகின்றன. காய்கறி நிறுக்கும் தராசுக்கும் பொன் நிறுக்கும் தராசுக்கும் உள்ள வேறுபாடு இது. பொன் தராசில் கிழங்கு மூட்டையை வைத்தால் தராசு கெடும். அதுபோலவே நுட்பக் கருவியை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அதன் கையேடே சொல்லும்.

பழைய நுட்பக் கருவிகள் எப்படி வேலை செய்தன? தோட்டத்தில் பால் நிறுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வில் தராசு ஒன்று உண்டு. சுமையைத் தொங்கவிட்டால் வில் நீளும், முள் எண்ணைக் காட்டும். வில் தளர்ந்து போனால் எண்ணும் தவறிப்போகும். தட்டுத் தராசு வேறு வகை. ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் படிக்கல். இரண்டும் சமமாகி முள் நடுவில் நின்றால், படிக்கல்லின் எடையே பொருளின் எடை. இங்கே முள் எண்ணைக் காட்ட வேண்டியதில்லை. சமமாயிற்றா இல்லையா என்று மட்டும் காட்டினால் போதும். நம்பிக்கை முழுவதும் படிக்கல்லின்மேல்தான் இருக்கிறது.

மின்னழுத்தம் அளப்பதிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. முள்ளை நகர்த்தி எண்ணைக் காட்டும் சாதாரண மீட்டர், வில் தராசைப் போன்றது. ஒப்பிட்டு அளக்கும் டிஃபரென்ஷியல் வோல்ட்மீட்டர், தட்டுத் தராசைப் போன்றது. அதன் உள்ளே நன்கு தெரிந்த ஓர் அழுத்தம் இருக்கும். முகப்பில் வரிசையாக உள்ள குமிழ்களைத் திருப்பித் திருப்பி, உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியிலிருந்து வரும் அழுத்தத்தோடு சமப்படுத்துவார்கள். முள் நடுவே பூஜ்யத்தில் நின்றதும், குமிழ்கள் காட்டும் எண்களை வரிசையாகப் படித்தால் அதுவே விடை. சமநிலை வந்துவிட்டால், அளக்கப்படும் இடத்திலிருந்து கருவி ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. அதனால் அளப்பதாலேயே அளவு குறைந்துபோகும் தொல்லையும் இல்லை. 1948ஆம் ஆண்டு ஜான் ஃபுளூக் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் இவ்வகைக் கருவிகளால் பெயர் பெற்றது.

படிக்கல் என்றோமே, மின்னழுத்தத்துக்கு அந்தப் படிக்கல் எது? நெடுங்காலம் அது ஒரு கண்ணாடிக் குழாயாக இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1893ஆம் ஆண்டு எட்வர்ட் வெஸ்டன் என்பவர் ஒரு மின்கலத்தை உருவாக்கினார். இரு கால்களை ஒரு குறுக்குக் குழாய் இணைத்தாற்போன்ற வடிவம் அது. ஒரு காலின் அடியில் பாதரசம், மறு காலின் அடியில் காட்மியம் கலந்த பாதரசம், மேலே காட்மியம் சல்ஃபேட் கரைசல். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது சுமார் 1.018 வோல்ட் தரும். ஆண்டுக்கணக்கில் அந்த எண் மிகச் சிறிதளவே மாறும். 1911ஆம் ஆண்டு முதல் உலக நாடுகள் வோல்ட்டுக்கு அளவுகோலாக இதை ஏற்றுக்கொண்டன. 1990ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, கடுங்குளிரில் இயங்கும் ஜோசஃப்சன் சந்தி என்னும் அமைப்பைக் கொண்டு வோல்ட்டை நிலைநிறுத்தும் முறை உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. அத்துடன் வெஸ்டன் மின்கலம் ஓய்வு பெற்றது.

ஓய்வு பெற்ற அந்த மின்கலம் பழைய பெட்டிகளுக்குள் இன்னும் இருக்கக்கூடும். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். மரப்பெட்டியிலோ உலோகப் பெட்டியிலோ 1.018 என்று தொடங்கும் எண் எழுதியிருந்தால், அல்லது "ஸ்டாண்டர்ட் செல்" என்ற ஆங்கிலச் சொற்கள் இருந்தால், அதைக் கவிழ்க்காதீர்கள், குலுக்காதீர்கள், பிரிக்காதீர்கள். உள்ளே பாதரசமும் காட்மியமும் இருக்கின்றன. இரண்டும் நஞ்சு. உடைந்துவிட்டால் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். சிதறியதைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. குப்பைத் தொட்டியிலும் கொட்டக் கூடாது. சுற்றுச்சூழல் துறையினரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படைப்பதே முறை.

இப்போது அடையாளம் காணும் வேலைக்கு வருவோம். கருவி கைக்கு வந்ததும் ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். பழைய முகப்புகளில் எழுத்து கரைந்து போகக்கூடும். உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு முன்புறம், பின்புறம், அடிப்புறம், பக்கவாட்டு எல்லாவற்றையும் பாருங்கள். நான்கு செய்திகளைத் தேடுகிறோம். ஒன்று, செய்தவர் பெயர். இரண்டு, மாதிரி எண். மூன்று, வரிசை எண். நான்கு, பிற்காலத்தில் ஒட்டப்பட்ட சீட்டுகள். கண்ட எழுத்தை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கண்டபடியே எழுதுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படமும் எடுத்து வையுங்கள்.

மாதிரி எண்ணை எழுதும்போது ஓர் எழுத்தைக்கூட விடக் கூடாது. ஃபுளூக் நிறுவனம் 845 என்ற எண்ணில், பூஜ்ய நிலையை மிக நுட்பமாகக் காட்டும் கருவி ஒன்றைச் செய்தது. அதிலேயே ஏபி என்று முடிவது மின்கல அடுக்குடன் இயங்குவது. ஏஆர் என்று முடிவது பிளக் மின்சாரத்தில் மட்டும் இயங்குவது. வெளித்தோற்றம் ஒன்றேபோல் இருக்கும். ஆனால் ஏபி என்றால், உள்ளே பழைய மின்கலங்கள் கசிந்து தகடுகளை அரித்திருக்கலாம் என்ற எச்சரிக்கை அந்த ஓர் எழுத்துக்குள் இருக்கிறது. இராமசாமி என்ற பெயரில் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இந்த எழுத்து.

வரிசை எண்ணிலும் செய்தி உண்டு. பிரிட்டிஷ் பொறியாளர்கள் வேலை செய்த இடங்களில் எல்லாம் பழக்கமான கருவி ஏவோ மீட்டர். ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்கடி என்பவரின் எண்ணத்தில் உருவாகி, 1923ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. கறுப்பு நிற உடலும், தோல் வாரும், முகப்பில் இரண்டு பெரிய திருகு குமிழ்களும் கொண்ட மாதிரி 8, 1951ஆம் ஆண்டு வெளிவந்து 2008ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. பழைய மாதிரி 8இன் வரிசை எண்ணில் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 759 என்று இருந்தால் அது 1959ஆம் ஆண்டு ஏழாம் மாதம், அதாவது ஜூலை. 1161 என்று இருந்தால் 1961 நவம்பர். கருவியின் பிறந்த மாதமே அதன் உடலில் பொறிக்கப்பட்டிருக்கிறது!

ஏவோ மாதிரி 8 நீண்ட காலம் உற்பத்தியில் இருந்ததால், மார்க் 1 முதல் மார்க் 7 வரை பல முறை மாறியது. மார்க் எண் மாறினால் உள்ளிருக்கும் சுற்றும் மாறும். ஆகவே மார்க் 2இன் வரைபடத்தை வைத்துக்கொண்டு மார்க் 5ஐப் பிரிப்பது, அண்ணனின் பத்திரத்தைக் கொண்டு தம்பியைப் பள்ளியில் சேர்ப்பது போலாகும். அந்தக் கருவியின் உள்ளே 1.5 வோல்ட் மின்கலமும் 15 வோல்ட் மின்கல அடுக்கும் உண்டு. நெடுநாள் கிடந்த மீட்டரில் முதலில் செய்ய வேண்டியது, பின்மூடியைக் கழற்றி அவை கசிந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான்.

முகப்பில் "ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம்" என்று இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது மீட்டரின் குணத்தைக் கூறும் எண். சிறு செம்பில் உள்ள தண்ணீரைப் பெரிய அகப்பையால் அளக்கப் போனால், அளப்பதற்குள் பாதித் தண்ணீர் அகப்பைக்கே போய்விடும். குறைந்த ஓம் உள்ள மீட்டர் பெரிய அகப்பை. அளக்கப்படும் சுற்றிலிருந்து அது அதிக மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். பழைய வானொலிப் பெட்டியின் பழுதுபார்ப்புத் தாளில், "இந்த அளவுகள் இத்தனை ஓம் மீட்டரால் எடுக்கப்பட்டவை" என்று எழுதியிருப்பது இதனால்தான். வேறு வகை மீட்டரால் அளந்துவிட்டு, எண் பொருந்தவில்லையே என்று நல்ல உறுப்பைக் கழற்றி எறிபவர்கள் உண்டு.

அடுத்து, நம் நாட்டோடு நேரான தொடர்புள்ள ஒரு பெயர். ஹியூலெட் பேக்கார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 1972ஆம் ஆண்டு பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை தொடங்கியது. அந்த வட்டாரத்து ஆலைகளில் வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. அந்நிறுவனத்தின் பழைய அளவுக் கருவிகளின் பின்புறத் தகட்டில் நான்கு இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஐந்து இலக்கம் என்ற முறையில் வரிசை எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் 1623 என்று வைத்துக்கொள்வோம். 1960உடன் 16ஐக் கூட்டினால் 1976. அடுத்த 23, அந்த ஆண்டின் 23ஆவது வாரம். எழுத்து, கருவி செய்யப்பட்ட நாட்டைக் குறிக்கும். ஏ என்றால் அமெரிக்கா, ஜி என்றால் ஜெர்மனி, ஜே என்றால் ஜப்பான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த ஆண்டும் வாரமும் கருவி பிறந்த நாளைக் காட்டுவதில்லை. அந்த மாதிரியின் அமைப்பு கடைசியாக மாற்றப்பட்ட நாளையே காட்டுகின்றன. ஒரே அமைப்புள்ள கருவிகள் எல்லாவற்றுக்கும் இந்த முன்பகுதி ஒன்றாகவே இருக்கும். பின்னால் வரும் ஐந்து இலக்கமே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கையேட்டின் முதற்பக்கத்திலும், "இந்த முன்பகுதி கொண்ட கருவிகளுக்கு இந்நூல் பொருந்தும்" என்று எழுதியிருப்பார்கள். நம் கருவி அதைவிடப் புதியதாக இருந்தால், மாற்றங்களைக் கூறும் தனித் தாள் ஒன்று தேவைப்படும். பழையதாக இருந்தால், நூலின் பிற்பகுதியில் பழைய அமைப்புகளைக் கூறும் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே, கையேடு கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. நம் கருவிக்குரிய கையேடுதானா என்று எண்ணை ஒத்துப் பார்த்த பிறகே முடிந்தது எனலாம்.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகள் நெடுங்காலம் தங்கியிருந்த நாடு நம்முடையது. ஆகவே இராணுவக் குறிகள் உள்ள கருவிகளும் சில வேளை கைக்கு வரலாம். பெயருக்குப் பதிலாக அகன்ற அம்புக்குறி ஒன்று இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்க உடைமையாக இருந்தது என்று பொருள். 13 இலக்கமுள்ள எண் ஒன்று 6625 என்று தொடங்கினால், அது மின் அளவுக் கருவி வகையைச் சேர்ந்தது. அடுத்த இரண்டு இலக்கம் 99 என்றால் பிரிட்டன், 66 என்றால் ஆஸ்திரேலியா. அந்த 13 இலக்கத்தைக் கொண்டே தயாரிப்பாளரின் மாதிரி எண்ணைக் கண்டுபிடிக்க வழி உண்டு. போர்க்கால முகப்புகள் சிலவற்றில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சைப் பூசியிருப்பார்கள். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு மங்கவில்லை. அத்தகைய முகப்பின் கண்ணாடியைத் திறக்காதீர்கள்.

பெயர்த் தகடே இல்லாவிட்டால்? அப்போதும் கைவிட வேண்டியதில்லை. மின்சாரத் தொடர்பு இல்லாத நிலையில், மின்னியல் பயின்ற ஒருவர் மூடியைத் திறந்து பார்க்கலாம். உள்ளிருக்கும் சில்லுகளில் நான்கு இலக்க எண் அச்சிட்டிருக்கும். 7632 என்றால் 1976ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் என்பது பொதுவான வழக்கம். பல உறுப்புகளில் உள்ள எண்களுள் மிகப் பிந்தியதை எடுத்துக்கொண்டால், கருவி அதற்கு முன்பு செய்யப்பட்டதாக இருக்க முடியாது. பின்னால் பழுதுபார்த்து மாற்றிய உறுப்பாகவும் இருக்கலாம் என்பதால், ஒரே ஓர் எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஊரில் ஒருவருடைய வயதைத் தீர்மானிக்க, அவர் கூடப் படித்தவர்கள் நான்கு பேரைக் கேட்பதுபோல் இதையும் செய்ய வேண்டும்.

பெயர் தெரிந்துவிட்டது. பத்திரத்தை எங்கே தேடுவது? முதலில் கருவியிலேயே தேடுங்கள். மூடியின் உட்புறத்திலும், அடியில் உள்ள சிறு உறையிலும் மடித்த தாள் இருக்கலாம். அடுத்து, கருவி வந்த இடத்தில் கேளுங்கள். ஆலையின் ஸ்டோர் அறையில், கிராணியார் வைத்திருந்த கோப்பில், ஓய்வு பெற்ற ஃபோர்மேனின் அலமாரியில் அந்த நூல் இருக்கக்கூடும். தோட்டம் மூடப்படும்போது இரும்பை விலைக்கு வாங்க ஆள் வருவார். தாளை வாங்க யாரும் வருவதில்லை. அதனால் முதலில் நெருப்பில் போவது தாள்தான். கரையான் அரித்த புத்தகம் என்று ஒதுக்குவதற்கு முன், அதன் முதற்பக்கத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

அங்கே கிடைக்காவிட்டால் தயாரிப்பாளரிடம் போக வேண்டும். ஆனால் நிறுவனங்களும் பெயர் மாறும். ஹியூலெட் பேக்கார்ட்டின் அளவுக் கருவிப் பிரிவு 1999ஆம் ஆண்டு அஜிலண்ட் என்றும், 2014ஆம் ஆண்டு கீசைட் என்றும் ஆனது. ஏவோவின் வழித்தோன்றல் இன்று மெகர் என்ற பெயரில் இயங்குகிறது. கீத்லி 2010ஆம் ஆண்டு டெக்ட்ரானிக்ஸுடன் இணைந்தது. புகுந்த வீட்டுப் பெயர் தெரிந்தால்தான் பெண்ணுக்குக் கடிதம் போட முடியும். கீசைட், ஃபுளூக் போன்றவை உற்பத்தியை நிறுத்திவிட்ட பல மாதிரிகளின் கையேடுகளை இன்றும் இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. ஆர்வலர்கள் படியெடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்புகளும் உண்டு. பொலிடெக்னிக், பல்கலைக்கழக நூலகங்களிலும் கேட்கலாம். தேடும்போது தயாரிப்பாளர் பெயர், முழு மாதிரி எண், அதன் பிறகு "சர்வீஸ் மேனுவல்" என்ற சொற்களை ஆங்கிலத்தில் எழுதித் தேடுங்கள். "ஆப்பரேட்டிங் மேனுவல்" என்பது பயன்படுத்தும் முறையை மட்டும் கூறும். பழுதுபார்க்க "சர்வீஸ் மேனுவல்" வேண்டும். காசு கொடுத்து வாங்குவதானால், வரைபடங்கள் மடிப்புக்குள் மறையாமல் முழுமையாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். ஹியூலெட் பேக்கார்ட் நூல்களில் வழக்கமாக எட்டுப் பகுதிகள் இருக்கும். பொதுச் செய்தி, நிறுவும் முறை, இயக்கும் முறை, செயல் சோதனை, திருத்தம், மாற்று உறுப்புகள், அமைப்பு மாற்றங்கள், பழுதுபார்ப்பு. முதல் மூன்று பகுதிகளை ஒரு வாரம் அகராதியோடு உட்கார்ந்து படித்தால் போதும். அந்தச் சொற்களே திரும்பத் திரும்ப வருவதால், இரண்டாவது கையேடு முதலாவதைவிட எளிதாகிவிடும். பிள்ளை சத்தமாகப் படிக்க, அனுபவமுள்ள பெரியவர் பொருள் சொல்ல, இருவருமாகக் கற்பதும் நல்ல வழி.

ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்காரரின் தராசுக்கு அதிகாரிகள் சோதித்து முத்திரை இடுவதை அறிவோம். நுட்பக் கருவிக்கும் அத்தகைய அளவுச் சோதனை உண்டு. சோதித்த நாள், அடுத்த சோதனை நாள், சோதித்த கூடத்தின் பெயர் ஆகியவை சீட்டில் இருக்கும். அது பழையதானாலும் பிய்த்தெறிய வேண்டாம். கருவி எங்கே, எந்தப் பணியில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. உள்ளே இருக்கும் சிறு திருகுகளைத் தொடாதீர்கள். நம் மலிவான மீட்டரோடு ஒப்பிட்டு, எண் ஒத்துவரவில்லையே என்று அந்தத் திருகுகளைத் திருப்புவது, கள்ளப் படிக்கல்லைக் கொண்டு நல்ல தராசைத் திருத்துவதாகும். உண்மையிலேயே பயன்படுத்தப் போகிறோம் என்றால், அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நம் நாட்டில் இந்த அளவுகளுக்கெல்லாம் தலையாயது சிப்பாங்கில் இருக்கும் தேசிய அளவியல் கழகம்.

கடைசியாக மின்சாரம். கையேடு கையில் இருந்தாலும் சில எல்லைகளைத் தாண்டக் கூடாது. இத்தகைய கருவிகள் சிலவற்றின் உள்ளே 1,000 வோல்ட் வரை இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் கொண்மிகள், அதாவது கப்பாசிட்டர்கள், மின்னூட்டத்தை வைத்திருக்கும். பழைய வயரின் ரப்பர் உறை வெடித்திருக்கலாம். நிலக்கம்பி இணைக்கப்படாமலே இருக்கலாம். ஆகவே மூடியைத் திறந்து வேலை செய்வது பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது. தனியாக இருக்கும்போது செய்யக் கூடாது. வீட்டு மின்பலகையிலும் ஆலை மின்பலகையிலும் வேலை செய்ய, எரிசக்தி ஆணையம் வழங்கும் வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ்கள் வேண்டும். பழைய நுட்பக் கருவியை அத்தகைய பலகைகளில் வைத்துப் பார்க்கவும் கூடாது. அது மேசைக் கருவி. அமைதியான இடத்தில், சிறு மின்கலங்களையும் மற்ற மீட்டர்களையும் சோதிப்பதே அதன் தொழில்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்று கேட்டால், பயன் இருவகை. பெயர் தெரியாத பெட்டி கிலோ கணக்கில் விலைபோகும். பெயரும் எண்ணும் கையேடும் உள்ள கருவி, கருவியாகவே விலைபோகும். அது சிறிய பயன். பெரிய பயன் பிள்ளைக்குக் கிடைக்கிறது. தகட்டைப் படிக்கவும், எண்ணை ஒத்துப் பார்க்கவும், ஒரு நூலின்படி வேலையை வரிசையாகச் செய்யவும் பழகிய பிள்ளை, எந்தத் தொழிற்சாலையிலும் மற்றவர்கள் தேடிவரும் ஆளாக இருப்பான். பெண் பிள்ளைகளும் அப்படியே. கண்டபடி திருகிப் பார்க்கும் கைக்கு வேலை கொடுப்பவர்கள் குறைவு. படித்துவிட்டுத் தொடும் கைக்கு எங்கும் மதிப்பு உண்டு.

ஆகவே நேயர்களே, வீட்டில் அத்தகைய பழைய கருவி ஏதேனும் இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். செய்தவர் பெயர், மாதிரி எண், வரிசை எண், எங்கிருந்து வந்தது, யார் கையாண்டார், எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்று எழுதுங்கள். கையாண்டவர் இன்னும் நம்மோடு இருந்தால், அவரருகில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தையும் கருவியோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு வையுங்கள். பத்திரம் இல்லாமல் எவ்வளவு அலைய வேண்டும் என்பது நமக்குத் தெரியும். நமக்குப் பின்னால் வருபவர் ஒரு கருவியின் பத்திரத்துக்காக அலையாமல் இருக்க, அந்த ஒரு பக்கம் போதும்.